திறந்த காரும் மூடிய வளவும்

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு எஸ்.யூ.வி. வண்டி என் கடைக்கு வந்தது. ஓட்டிவந்தவர் கதவைத் திறந்து, உள்கூரைத் துணியைக் காட்டினார். முன்சீட்டுக்கு மேலே தேநீர் சிந்தியதுபோல் பழுப்பாக ஒரு வட்டம். மழை பெய்தால் அங்கிருந்து சொட்டுகிறது என்றார். காரைக்குடியில் குஷன் கடை வைத்திருக்கும் எனக்கு இது இப்போது பழகிப்போன வேலை. சன்ரூஃப் என்னும் கூரை ஜன்னலின் கண்ணாடியைச் சுற்றிலும் சின்ன வாய்க்கால் ஒன்று ஓடும். அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் வண்டியின் தூண்களுக்குள் இறங்கி, மழைநீரைத் தரையில் விட்டுவிடும். வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு அந்தக் குழாயின் வாய் அடைத்துக்கொள்ளும். கம்பி விட்டுக் குத்தினால் குழாய் கிழிந்துவிடும். தடித்த தூண்டில் நரம்பை உள்ளே விட்டு, மெல்லத் திருகித் திருகி இழுத்தேன். ஒரு கைப்பிடி இலைச் சகதி வந்தது.

வேலை முடிந்ததும் கண்ணாடியைத் திறந்து மூடிப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு எந்தப் பொத்தான் என்று தேட வேண்டியிருந்தது.

"திறப்பதே இல்லைம்மா. வெயில், தூசி. பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்கினோம். இரண்டு வருடம் ஆகிறது."

இரண்டு வருடமாக வானம் பார்க்காத ஒரு ஜன்னல் வழியாக மழை மட்டும் உள்ளே வந்திருக்கிறது. இது என் மனத்தை விட்டுப் போகவில்லை. நான் வளர்ந்தது, கூரை இல்லாத கார்களுக்கு டாப்பு என்னும் துணிக்கூரை தைத்துக் கொடுத்த கடையில்.

அப்பா 1974-இல் கடை போட்டார். ஜீப் டாப்பு, லாரிப் படுதா, சினிமாக் கொட்டகை நாற்காலி, வேன் சீட்டு எல்லாம் தைப்பார். அவர் மனம் ஒன்றிச் செய்த வேலை, பெரிய வீடுகளின் கார் கொட்டகையில் நின்ற பழைய திறந்த கார்களுக்கு டாப்பு மாற்றுவது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் நடந்த காலத்தில் இந்தச் செட்டிநாட்டு ஊர்களுக்கு மரமும் சலவைக்கல்லும் கண்ணாடியும் கப்பலேறி வந்தன. அவற்றோடு கார்களும் வந்தன. 1942-இல் பர்மாவை விட்டு வந்த பிறகு பல குடும்பங்களின் வரவு சுருங்கியது. வீடுகளைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். கார்கள் கொட்டகையிலேயே தங்கின. டாப்பு மட்கும், கறையான் ஏறும். யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் அப்பாவுக்கு ஆள் வரும்.

திறந்த காருக்கான கன்வர்டிபிள் என்ற சொல்லை அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. 'டாப்பு வண்டி' என்பார்.

டாப்பு தைப்பது கூடாரம் தைப்பது போலத்தானே என்று நினைக்கிறவர்கள் உண்டு. கூடாரம் நின்ற இடத்தில் நிற்கும். இது ஒரு நாளில் நாலு தடவை மடியும், விரியும், வேகத்தில் காற்றை வாங்கி உப்பும். அதற்குள்ளே வளைவுக் கம்பிகள் இருக்கும். துணி அவற்றின்மேல் தோல்போல உட்கார வேண்டும். ஒரு நூல் கூடினால் தொய்ந்து மழைநீர் தேங்கும், ஒரு நூல் குறைந்தால் முன்கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் பூட்டுக்கு எட்டாது. நூல் என்றால் எட்டில் ஒரு அங்குலம். அப்பா முதலில் பழைய வேட்டித் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு அச்சு எடுப்பார். நடுத்துண்டு ஒன்று, பக்கத்துண்டு இரண்டு, பின்னால் பார்ப்பதற்குப் பிளாஸ்டிக் கண்ணாடி. தையலுக்குப் பருத்தி நூல்தான். மழை பட்டால் பருத்தி உப்பி, ஊசித்துளையை அதுவே அடைத்துக்கொள்ளும். அந்த நூலைத் தேன்மெழுகில் இழுத்துக் கொடுப்பது என் வேலை. இப்போதும் தேன்மெழுகு வாசனை வந்தால் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக ஒட்டிக்கொள்கின்றன.

அப்பா தைத்த டாப்புகளில் எனக்கு மிக நெருக்கமானது பள்ளத்தூரில் ஒரு பெரியவர் வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் 1961 முதல் ஹெரால்டு செய்தார்கள். இங்கிலாந்து டிரையம்ப் நிறுவனத்தின் வண்டி அது. அதன் அமைப்பு மற்றச் சின்னக் கார்களிலிருந்து வேறுபட்டது. அடியில் தனிச் சட்டகம் உண்டு, உடல் அதன்மேல் போல்ட்டு போட்டு உட்காரும். கூரையும் போல்ட்டுதான். வெட்டாமல், அறுக்காமல், கழற்றி எடுத்துவிடலாம். பெரியவர் கழற்றி எடுத்துவிட்டார். இரும்புக் கூரையைக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அப்பாவிடம் டாப்பு தைக்கச் சொன்னார்.

முதல் ஓட்டத்துக்கு எங்களையும் ஏற்றிக்கொண்டார். எனக்கு அப்போது பத்து வயது. 1988, மாசி மாதத்துச் சாயங்காலம். காரைக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போனோம். பின்சீட்டில் நானும் பெரியவர் வீட்டு ஆச்சியும். சாலையோரப் புளியமரங்களுக்கு அடியில் போகும்போது ஒரு குளிர், வெளியே வந்தால் ஒரு வெதுவெதுப்பு, கண்மாய்க் கரை வந்தால் தண்ணீரின் வாசனை. மூடிய காரில் போகிறவர்களுக்குச் சாலை ஒரே சாலை. அன்று எனக்கு அது இருபது முப்பது சாலைகளாக இருந்தது. இதைவிட எனக்கு நினைவில் நிற்பது வேறொன்று. வழி நெடுகப் பெரியவரை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "என்ன, சாயங்கால வேளையில் எங்கே இவ்வளவு தூரம்?" சைக்கிளில் போனவர் கேட்டார், வெற்றிலைக் கடைக்காரர் கேட்டார், பஸ்ஸுக்கு நின்ற அம்மா ஒருவர் ஆச்சியின் உடம்பைப் பற்றி விசாரித்தார். பெரியவர் வேகத்தைக் குறைத்து ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார்.

திறந்த காரின் பெருமையாக எல்லோரும் காற்றையும் வானத்தையும்தான் சொல்கிறார்கள். காற்று மோட்டார் சைக்கிளிலும் கிடைக்கும். காருக்குள் உட்கார்ந்துகொண்டே தெருவில் இருக்கும் நிலையைத் திறந்த கார் மட்டும்தான் தந்தது. உங்களை எல்லோரும் பார்க்கலாம், கூப்பிடலாம், கேள்வி கேட்கலாம். பணக்காரர்களின் வண்டி என்று அதன்மேல் ஒரு பெயர் உண்டு. என் அனுபவத்தில், ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரே கார் அதுதான். அது மறைந்துபோவதில் எனக்கு இருக்கும் வருத்தத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உலகம் முழுக்கவே திறந்த கார் மறைந்துகொண்டிருக்கிறது. 2019 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் நின்றபோது, அதன் திறந்த வடிவமும் சேர்ந்து நின்றது. 2023-இல் ஆடி டிடி முடிந்தது, அதையொட்டிச் செவர்லே கமாரோவும். மெர்சிடிஸ் நிறுவனம் சி வகுப்பிலும் இ வகுப்பிலும் தனித்தனியாக வைத்திருந்த திறந்த கார்களை விட்டுவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து 2023-இல் சிஎல்இ என்று ஒன்றை மட்டும் கொண்டுவந்தது.

தொடக்கத்தில் கார் என்றாலே திறந்த கார்தான். குதிரை வண்டியிலிருந்து பிறந்தது, அதன் உடம்போடு பிறந்தது. மூடிய கார் விலை அதிகம். மரச்சட்டம் அடித்துத் தச்சர்கள் இழைத்துச் செய்ய வேண்டியிருந்தது. 1922-இல் ஹட்சன் நிறுவனம் எசெக்ஸ் என்ற மூடிய காரைத் திறந்த காரைவிடக் கொஞ்சமே கூடுதலான விலைக்குக் கொடுத்தது. சில ஆண்டுகளில் மூடியது திறந்ததைவிட மலிவாகிவிட்டது. 1919-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்பது திறந்தவை. பத்தே ஆண்டுகளில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழானது. அப்போதே டாப்பு வண்டி தேவை என்ற இடத்திலிருந்து ஆசை என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

ஆசை வண்டியாக அது நன்றாகவே வாழ்ந்தது. பிறகு ஏ.சி. வந்தது. 1939-இல் பேக்கார்ட் நிறுவனம் முதலில் காட்டியபோது அது பெரிய பணக்காரர்களுக்கான சாமான். இரண்டு மூன்று தலைமுறைக்குள் எல்லாக் காருக்கும் வந்துவிட்டது. சாலைகளும் வேகமாயின. நாற்பது மைல் வேகத்தில் தலைமுடியைக் கோதுகிற காற்று, எழுபதில் காதை அறைகிறது. 1970களில் அமெரிக்க அரசு, கார் உருண்டால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் விதிகளைக் கொண்டுவரப் போகிறது என்ற அச்சமும் சேர்ந்தது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 1976 ஏப்ரல் 21 அன்று காடிலாக் நிறுவனத்தின் கடைசி எல்டோராடோ திறந்த கார் ஆலையை விட்டு வெளியே வந்தபோது, இதுதான் அமெரிக்காவின் கடைசித் திறந்த கார் என்று அறிவித்தார்கள். கடைசி 200 வண்டிகளை ஒன்றுபோல வெள்ளை நிறத்தில் செய்தார்கள். மக்கள் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். 1982-இல் கிரைஸ்லர் மறுபடியும் திறந்த கார் விற்றது. 1984-இல் காடிலாக்கே எல்டோராடோவைத் திரும்பக் கொண்டுவந்தது. கடைசி வண்டி என்று நம்பி வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்று சின்னதாக, இரண்டே சீட்டுடன், கையாலேயே மடக்கும் டாப்புடன் ஒரு வண்டியை விட்டது. 2016-க்குள் அது பத்து லட்சத்தைத் தாண்டியது.

எனவே இது ஒரு தடவை செத்துப் பிழைத்த வண்டி. ஆனால் இந்தத் தடவை பிழைப்பு கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏன் என்பதற்கு எங்கள் ஊர்க் கொட்டான் என்னும் ஓலைக்கூடையைப் பார்க்கலாம். பனையோலையில் பின்னி, கடைசியில் வாயோரத்தை மடித்துக் கட்டுவார்கள். அந்த விளிம்பைக் கட்டுவதற்கு முன் கொட்டானைக் கையில் எடுத்தால் வலப்பக்கம் பிடித்தால் இடப்பக்கம் கோணும். விளிம்பு ஏறியதும் கல்போல நிற்கும். இந்தக் காலத்துக் காரில் தனிச் சட்டகம் இல்லை, தகட்டால் ஆன உடம்பே சட்டகம். கூரைதான் அதன் விளிம்பு. கூரையை எடுத்தால் பள்ளத்தில் இறங்கும்போது உடம்பு முறுக்கும், முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும். அதைச் சரிக்கட்ட அடிப்பாகத்திலும் கதவுக்குக் கீழேயும் முன்தூண்களிலும் கனத்த எஃகை வைக்கிறார்கள். கூரை போன பிறகு வண்டியின் எடை கூடுகிறது. இத்தனை வேலையும் ஆயிரத்தில் சிலர் வாங்கும் ஒரு வடிவத்துக்காக. எஸ்.யூ.வி. விற்றுக் காசு பார்க்கும் நிறுவனம் எதற்கு இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளும்? மின்சாரக் கார்களில் மின்கலத்தின் எடையே பெரிய சுமை. டாப்பு திறந்து ஓடினால் காற்று இழுத்து மின்சாரமும் சீக்கிரம் தீரும்.

எஸ்.யூ.வி.யையே திறந்து விற்றுப் பார்த்ததும் உண்டு. நிசான் முரானோ, பிறகு ரேஞ்ச் ரோவர் இவோக். இரண்டும் சில ஆண்டுகளில் நின்றன. உயரத்தில் உட்கார விரும்புகிறவர் உலகத்திலிருந்து தள்ளி இருக்க விரும்புகிறார் என்பது என் எண்ணம். அவரிடம் கூரையைக் கழற்றிக் கொடுத்தால் எதற்கு?

தகட்டுக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போகும் வகையையும் சொல்ல வேண்டும். 1934-லேயே பிரான்ஸில் பேஜோ நிறுவனம் அதைச் செய்துவிட்டது. 1996-இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே வந்த பிறகு பத்துப் பதினைந்து வருடம் எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். பார்க்க அழகுதான். டிக்கியில் பெட்டி வைக்க இடம் இருக்காது. ஒரு கீல் நின்றுவிட்டால் கூரை பாதி வானத்தில் நிற்கும். அதை எந்தத் தையல்காரரும் சரிசெய்ய முடியாது. துணி டாப்பின் பலம், அது பழுதானால் ஊசியும் நூலும் போதும் என்பது. அந்தப் பலத்தை விட்டுக்கொடுத்தது தப்பு என்று இப்போதும் சொல்வேன். பலர் திரும்பத் துணிக்கே வந்துவிட்டார்கள்.

நம் நாட்டில் சாதாரண மனிதரின் திறந்த வண்டி ஜீப்புதான். அதன் டாப்பு தைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. 1985-இல் மாருதி ஜிப்சி வந்தது, அதற்கும் தைத்தோம். 2010-இல் மகிந்திரா தார் வந்தபோது அதுவும் துணி டாப்புதான். பத்து வருடம் கழித்து, 2020-இல் வந்த புதிய தாரில் ஆலையிலேயே கெட்டிக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் ஓடுகிறவற்றில் நான் காண்பதெல்லாம் கெட்டிக் கூரைதான். 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸில் துணி டாப்பே கிடையாது. உயர்ந்த ரகங்களில் கூரை நீளத்துக்குக் கண்ணாடி வைத்துவிட்டார்கள். 2025-இல் எம்ஜி சைபர்ஸ்டர் என்று துணி டாப்பு போட்ட மின்சாரக் கார் இந்தியாவுக்கு வந்தது, இரண்டு சீட்டு, 70 லட்சத்துக்கு மேலே. அது என் கடைக்கு வரப்போவதில்லை.

சித்திரை மத்தியானத்தில் காரைக்குடிச் சாலையில் டாப்பு திறந்து போகச் சொன்னால் நானும் மாட்டேன். எனக்கு ஏ.சி.யின் மேல் கோபம் கிடையாது. அம்மாவுக்கு இளைப்பு. கடைசிக் காலத்தில் மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவரை மூடிய காரில், ஏ.சி.யில்தான் கொண்டுபோனோம். லாரிப் புகையில் திறந்த வண்டியில் அழைத்துப் போயிருக்க முடியுமா? அந்த நன்றி எனக்கு உண்டு. என் ஆதங்கம், வருடம் முழுக்க மூடியே இருப்பதைப் பற்றியது. மார்கழிக் காலையிலும் மூடித்தான் போகிறோம். மாசிச் சாயங்காலத்திலும் மூடித்தான் போகிறோம்.

வீடுகளும் அப்படித்தான் ஆகிவிட்டன. செட்டிநாட்டு வீட்டில் வளவு என்பது நடுவில் வானம் பார்த்துத் திறந்திருக்கும் இடம். நான்கு பக்கக் கூரைகளும் உள்ளே சரிந்து மழையை அதற்குள் கொட்டும். அண்டாவும் குண்டானும் வைத்துப் பிடிப்பார்கள். வற்றலும் வடகமும் அங்கேதான் காயும். கல்யாணம் என்றால் வளவுக்கு மேலே படுதா கட்டுவார்கள். அதையும் அப்பாதான் தைத்தார், கார் டாப்புக்கு வாங்கிய அதே கேன்வாஸில். கயிற்றை இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். வெயில் ஏறும்போது இழுத்து, இறங்கும்போது விட ஒரு ஆள் நிற்பார். வீட்டுக்கும் காருக்கும் ஒரே துணி, ஒரே தையல், ஒரே பழக்கம்: வேண்டும்போது மூடு, வேண்டாதபோது திற.

இப்போது வளவுக்கு மேலே கம்பி வலையும் பாலிகார்பனேட் தகடும் போட்டிருக்கிறார்கள். குரங்கு இறங்குகிறது, திருடன் இறங்குகிறான், பூட்டிய வீட்டில் சருகைக் கூட்ட ஆள் இல்லை. மூன்றும் நியாயமான காரணங்கள். வருடத்துக்கு நாலு நாள் வந்து தங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளத்தூர் பெரியவர் 2009-இல் காலமான பிறகு அவர் வீட்டு வளவையும் மூடினார்கள். தகட்டின் வழியே வெளிச்சம் பால்போல இறங்குகிறது. ஆத்தங்குடிக் கல்லில் வெயில் சதுரமாக விழுந்து, மத்தியானத்துக்குள் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்வதை நான் அந்த வீட்டில் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கும் ஒரே வெளிச்சம். மணி தெரிவதில்லை.

இந்த ஆனியில் அந்த வீட்டு ஆச்சி போன் செய்தார். பேரனுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு எஸ்.யூ.வி. ஏற்பாடு செய்திருக்கிறார்களாம், மாப்பிள்ளை சன்ரூஃப் வழியாகத் தலையை வெளியே நீட்டி நிற்பானாம். இப்போது எல்லா ஊர்வலத்திலும் அதுதான் நடக்கிறது, இடுப்புவரை வண்டிக்குள்ளும் மேலே வெளியேயுமாக. ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. "மாப்பிள்ளை என்றால் உட்கார்ந்து வர வேண்டும் ஆத்தா. கும்பிடுகிறவர்களைக் கும்பிட வேண்டும். கொட்டகையில் ஹெரால்டு நிற்கிறது, வந்து பார்."

போய்ப் பார்த்தேன். என்ஜினை மெக்கானிக் ஒருவர் உயிர்ப்பித்திருந்தார். டாப்பு தொட்டால் உதிர்ந்தது. பின்கண்ணாடிப் பிளாஸ்டிக் மஞ்சளாகி, வெற்றிலைச் சருகு போல நொறுங்கியது. வளைவுக் கம்பிகள் மட்டும் நன்றாக இருந்தன. துணியைப் பிரித்தபோது உள்மடிப்பில் அப்பாவின் சாக்குக்கட்டிக் கோடுகள் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் அழியாமல் இருந்தன. ஒரு மூலையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 'ஒரு நூல் விடு' என்று எழுதியிருந்தார். அந்த மூலையில் பூட்டு சற்று உள்வாங்கி இருக்கிறது. அவர் எழுதியிருக்காவிட்டால் நான் குறைத்து வெட்டியிருப்பேன்.

இப்போது கிடைக்கும் டாப்புத் துணி மூன்றடுக்கு. மேலே அக்ரிலிக், நடுவே ரப்பர், அடியில் மெல்லிய துணி. அதில் தைத்தேன். நூல் மட்டும் பருத்தி, மெழுகு போட்டது. பதினான்கு நாள் வேலை. மாட்டிய அன்று ஆச்சியிடம் ஒன்று சொன்னேன். புது டாப்பை உடனே மடக்கக் கூடாது. இரண்டு வாரமாவது இழுத்துப் பூட்டியே வைத்திருந்து வெயிலில் நிறுத்த வேண்டும். துணி கம்பிகளின் வடிவத்துக்குப் படிந்த பிறகுதான் திறக்கலாம்.

ஒன்பதாம் நாள் காலையில் போன் வந்தது.

"இன்னும் எத்தனை நாள் ஆத்தா?"

"ஐந்து நாள் ஆச்சி."

"வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. நான் தினமும் நகர்த்தி நிறுத்தச் சொல்கிறேன்" என்றார்.